மணம் போன மருந்து

சுகாதாரப் படம் காட்டும் வான் வண்டியில் விளக்கம் சொல்பவராகக் கதிர்காமநாதன் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. படங்கள் ஆங்கிலத்தில் பேசும். அவர் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லுவார். கிணற்றுக்குள் அழுக்கு எந்த வழியால் இறங்குகிறது, மலகூடத்தைக் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் வெட்டவேண்டும், தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். நல்ல கணீரென்ற குரல். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை அவர் பேசாத பள்ளிக்கூடங்கள் குறைவு. சனங்கள் அவரைப் படக்கார ஐயா என்பார்கள். ஆனால் அவர் ஒரு நாளாவது தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தவரல்ல. போகிற இடங்களில் செம்பில் எதைக் கொடுத்தார்களோ அதைக் குடித்தார்.

படம் முடிந்ததும் ஒரு டின்னைத் திறந்து சனங்களுக்கு நடுவே கொண்டுபோவது அவர் வழக்கம். உள்ளே வெள்ளைத் தூள். கிணற்றில் போட்டால் கிருமி சாகும். ஒவ்வொருவராக மணந்து பார்த்து, மூக்கைச் சுழித்துத் தும்முவார்கள். சிரிப்பு எழும்பும். வேலைக்குச் சேர்ந்த வருடம் வவுனியாவிலுள்ள சுகாதார அலுவலகமான கந்தோரில் கொடுத்த டின் அது. கடைசி ஆறேழு மாதமாக யாரும் தும்மவில்லை. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. டின்னை நீட்டுவதற்கு முன்னால் தானே ஒருதரம் மூக்கைச் சுழித்துக் காட்டப் பழகிக்கொண்டார். சனங்களும் அவரைப் பார்த்துச் சுழித்தார்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர், உடையார்கட்டுக்கு அப்பாலுள்ள ஒரு குடியேற்றத் திட்டத்துக்கு வான் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்கள். வந்து நாலு வருடம்தான். வீடுகள் மண்ணாலும் ஓலையாலும் இருந்தன, தென்னம்பிள்ளைகள் இடுப்பளவில் நின்றன. மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. வான் ஓட்டிய ஸ்ரீபன் முல்லைத்தீவுக்காரன். படம் முடிந்ததும் அப்படியே வீட்டுக்குப் போய் நத்தாருக்கு நிற்கலாம் என்று அவனுக்கு எண்ணம்.

பள்ளிக்கூடம் ஒரு மேட்டில் இருந்தது. ஒரே மண்டபம், அரைச்சுவர், கிடுகுக் கூரை. சுவருக்கு மேலே சாக்கும் பாயும் கட்டி இருட்டாக்கிப் பின்னேரம் நாலு மணிக்கே படத்தை ஓடவிட்டார்கள். கதிர்காமநாதன் வழக்கம்போலப் பேசினார். கொதித்த தண்ணீரில் கிருமி செத்துவிடும் என்று அவர் சொன்னபோது, முன்னால் இருந்த ஒரு பெண் எழும்பினாள். இராசமலர். குடியேற்றத்தில் எல்லாரும் சொல்வழி கேட்கும் வீரகத்தியின் மகள். இருபது வயதிருக்கும்.

“ஐயா, செத்த கிருமி தண்ணிக்கதானே கிடக்கும்? அதைக் குடிச்சால் ஒண்டும் செய்யாதோ?”

“செத்த பாம்பு கடிக்குமோ பிள்ளை?” என்றார் அவர்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“பாம்பு செத்தாலும் பல்லில நஞ்சு இருக்குமே, ஐயா?”

அவர் ஸ்ரீபனுக்குக் கையைக் காட்டினார். அடுத்த படம் ஓடத் தொடங்கியது. கடைசியில் வழக்கம்போல டின்னும் ஒவ்வொருவர் மூக்கடிக்கும் போனது, அவரைப் பார்த்துச் சனங்களும் மூக்கைச் சுழித்தார்கள்.

மழைக்குள் வானை எடுக்க முடியாததால் இரண்டு பேரும் மண்டபத்திலேயே தங்கினார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் றோட்டைக் காணவில்லை. மேலேயுள்ள சின்னக் குளங்கள் உடைத்து வந்த தண்ணீர், வயலும் வாய்க்காலும் தெரியாமல் ஒரே செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பரந்தன் பக்கத்து மதகு இருந்த இடத்தில் சுழி. முல்லைத்தீவுப் பக்கம் றோட்டுக்கரை மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. மேட்டைச் சுற்றி எந்தப் பக்கமும் கரையில்லை.

சனங்கள் நெஞ்சளவு தண்ணீருக்குள்ளால் வந்து சேர்ந்தார்கள். தலையில் அரிசி மூட்டை, குரக்கன், இடுப்பில் பிள்ளைகள், கயிற்றில் ஆடுகள். பானை சட்டியைக் கொண்டுவந்தவர்கள் குறைவு. மத்தியானத்துக்குள் அறுபத்துமூன்று பேர். குடியேற்றத்துக்கென்று நியமிக்கப்பட்ட மருத்துவிச்சி ஜெகதீஸ்வரியும் அதில் ஒருத்தி. மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். ஊசிமருந்துப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவுடன் ஈரத்தோடேயே கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தாள். கதிர்காமநாதனும் பின்னால் போனார்.

கிணறு மேட்டின் சரிவில் இருந்தது. வெள்ளம் கட்டைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேற்பக்கம் பள்ளிக்கூட மலகூடக் குழி. அதுவும் நிரம்பி, மூடியிருந்த பலகை மிதந்தது.

“நீங்கள் நேற்றுச் சொன்னதெல்லாம் இஞ்ச கண்ணுக்கு முன்னால கிடக்கு,” என்றாள் ஜெகதீஸ்வரி. “ஆரும் இந்தத் தண்ணியைத் தொடக் கூடாது. உங்களுக்குக் குரல் இருக்கு. நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. சனங்களும் கேட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தபடியால் அது கஷ்டமாகவும் இருக்கவில்லை. படம் காட்டும் வெள்ளைத் திரையை நாலு தடியில் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடித்தார்கள். திரையை அவிழ்க்க அவர் முதலில் சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்த சாமான். ஸ்ரீபன் அவரைக் கேளாமலே அவிழ்த்துவிட்டான்.

நத்தார் அன்று மத்தியானம் மழை நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். ஸ்ரீபன் மேட்டு விளிம்பில் நின்று கிழக்கே நெடுநேரம் பார்த்தான். பிறகு ஒரு வாழைக்குற்றியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“நான் போறன் ஐயா. மரங்களைப் பிடிச்சுப் பிடிச்சுப் போனால் போயிடலாம். அங்க எங்கட ஆக்களிட்ட வள்ளம் இருக்கு. கொண்டு வாறன்.”

“மூழ்கித் தாண்டு போனாயெண்டால்?”

“இஞ்ச இருந்து என்ன செய்யிறது?” என்றான் அவன். அவன் தலை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாவது மரத்துக்குப் பிறகு தெரியவில்லை.

அடுத்த நாள் வெயில் எறித்தது. திரைக்குக் கீழிருந்த அண்டா காலையிலேயே காலியானது. வெள்ளம் ஒரு விரல்கூட வற்றவில்லை. ஆடுகளின் மூத்திரம், ஈரச் சீலை, நெருக்கியடித்துக் கிடக்கும் அறுபது பேரின் மூச்சு, எல்லாம் சேர்ந்து மண்டபத்துக்குள் நெஞ்சை அடைத்தது. ஒருவர் காலை நீட்டினால் அது இன்னொருவர்மேல் பட்டது. வெளியே நின்றால் ஒரு பக்கம் இருபது அடி, மற்றப் பக்கம் நாற்பது அடி. அதற்குள்ளேதான் நடக்கலாம். ஆண்கள் மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

ஜெகதீஸ்வரி அடுப்பு மூட்டினாள். விறகெல்லாம் ஈரம். வானின் மின்சார யந்திரத்துக்கு வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் ஊற்றித்தான் பற்றவைக்க முடிந்தது. பிறகு பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளில் ஒன்றை இழுத்துவந்து, “உடையுங்கோ” என்றாள்.

“அரசாங்கத்தின்ர வாங்கு, மிஸ்ஸி,” என்றார் வீரகத்தி.

“வாங்கு எரிஞ்சால் அரசாங்கம் கேக்கும். பிள்ளையளுக்கு வயித்தால போனால் ஆர் வந்து கேக்கப்போயினம்? உடையுங்கோ.”

அன்று பகலும் இரவுமாகப் பதினாலு வாங்கும் எரிந்தன. கொதித்து ஆறிய தண்ணீர் ஆளுக்கு அரைக் கோப்பை, காலையில் ஒருதரம் மாலையில் ஒருதரம். இராசமலர்தான் அளந்து கொடுத்தாள். குழந்தைகள் கேட்டு அழுதாலும் கொதி வந்து முடியும்வரை பானைக்குக் கிட்ட ஒருவரையும் விடவில்லை. “அந்தக் குமிழி பெரிசாக வந்து உருளவேணும். ஐயா சொன்னவர். சின்னக் குமிழி கணக்கில்லை,” என்பாள். கதிர்காமநாதன் அதைக் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்திருப்பார். நூற்றுக்கணக்கான இடங்களில் சொன்ன வசனம் அது. ஒருத்தி அதை வைத்துப் பானைக்குக் காவல் நிற்பதை அவர் இதற்கு முன் கண்டதில்லை.

வெள்ளம் வந்த நாலாம் நாள் காலையில் விறகு முடிந்தது. இனி எரிக்க இருந்தவை மேசை ஒன்று, கரும்பலகை, வானுக்குள் இருந்த படமெஷின் பெட்டிகள், வானின் பலகை ஆசனங்கள். சனங்களின் பார்வை வானின் பக்கம் போவதை அவர் கண்டார். அப்போது வீரகத்தி அவரிடம் வந்தார். ஐம்பது வயது, காடு வெட்டிக் காய்த்த கை. உதடு வெடித்திருந்தது.

“படக்கார ஐயா, அண்டைக்குக் கடைசியாக ஒரு டின் காட்டினனீங்கள். கிணத்துக்க போட்டால் அரை மணித்தியாலத்தில குடிக்கலாமெண்டு சொன்னனீங்கள். அது வானுக்கதானே கிடக்கு?”

“ஓம்,” என்றார் கதிர்காமநாதன்.

“பிறகேன் நாங்கள் நாவறண்டு சாகிறம்? கிணறு நிறையத் தண்ணி கிடக்கு. உங்களிட்ட மருந்தும் கிடக்கு. போடுங்கோவன்.”

மண்டபத்தில் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். அவர் வானுக்குப் போய் டின்னை எடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று மூடியைத் திறந்தார். தூள் ஈரம் பிடித்துக் கட்டி கட்டியாக இருந்தது. மூக்கை உள்ளே விட்டு மணந்தார். ஒன்றுமில்லை. பழைய சுண்ணாம்பு மணம். காற்றுப் பட்டால் சத்துப் போய்விடும், இறுக்கி மூடி வை என்று பயிற்சியில் சொன்னார்கள். அவரோ மூன்று வருடமாக ஊர் ஊராகத் திறந்து காட்டியிருக்கிறார்.

திரும்பினால் முப்பது பேர் வானைச் சுற்றி நின்றார்கள்.

அந்த நேரத்தில் அவருக்கு வந்த நினைவுகள் பிறகு வாழ்நாளெல்லாம் அவரை விட்டுப் போகவில்லை. மருந்து பழுது என்று சொன்னால், நாலு நாள் முன்னர் எங்களுக்கு எதைக் காட்டினாய் என்று கேட்பார்கள். பெட்டிகளை உடைக்கச் சொல்லுவார்கள், மெஷின் வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கும், கந்தோரில் பதில் சொல்லவேண்டும். கொஞ்சமாவது சத்து இருக்கக் கூடும் என்றும் நினைத்தார். எல்லாத் தூளையும் கொட்டினால் போதாதா என்றும் நினைத்தார். இவற்றில் எதையும் அவர் உண்மையாக நம்பவில்லை.

ஜெகதீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்தி, “மருந்து நல்லதோ?” என்று கேட்டாள்.

“நல்லது.”

“மெய்யாகவோ? நல்லதெண்டால் நான் அடுப்பைக் கஞ்சிக்கு மட்டும் வைச்சுக்கொள்ளுவன். மேசை ஒண்டுதான் மிச்சம்.”

“நல்லது மிஸ்ஸி. பயப்பிடத் தேவையில்லை.”

அவர் டின்னை அப்படியே கிணற்றுக்குள் கவிழ்த்தார். அரை மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார். பிறகு முதல் கோப்பையை எல்லாருக்கும் முன்னால் தானே குடித்தார். சனங்கள் வாளியோடு விழுந்தடித்துப் போனார்கள். இராசமலர் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“இனிக் கொதிக்கவைக்கத் தேவையில்லையோ, ஐயா?”

“தேவையில்லை பிள்ளை.”

அவள் குடித்தாள்.

அன்று பின்னேரம் மண்டபத்தில் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டார்கள். கதிர்காமநாதன் வெளியே போய் மேட்டைச் சுற்றி நடந்தார். நாற்பது அடி, இருபது அடி, திரும்ப நாற்பது அடி. தண்ணீர் அப்படியே நின்றது. அடுத்த நாள் ஒரு விமானம் மேலே போனது. எல்லாரும் சீலைகளை வீசிக் கத்தினார்கள். அது தெற்குப் பக்கம் போய்விட்டது. அந்தச் சத்தம் அடங்கியபோது, மண்டபத்தின் மூலையில் ஒரு கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

ஆறாம் நாள் விடியும்போது பதினொரு பேர். ஒதுங்க இடமில்லை. பெண்கள் ஒரு பாயைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மேட்டின் பின்பக்கம் போனார்கள். அந்த அழுக்கும் சரிந்து கிணற்றடிக்கே போனது. வீரகத்தியும் விழுந்துவிட்டார். இராசமலரும் எழும்ப முடியாமல் கிடந்தாள். ஜெகதீஸ்வரி கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினாள். அவள் கண் உள்ளே போயிருந்தது. கதிர்காமநாதனுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் நன்றாகவே இருந்தார்.

“வெறுங்கஞ்சி குடிச்சதாலயாக்கும், ஈரத்தில கிடந்ததாலயாக்கும்,” என்று சனங்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். “தண்ணி நல்லது. படக்கார ஐயா மருந்து போட்டவர்.” ஒரு தாய் கைப்பிள்ளையோடு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதை அவர் கண்டார். பிள்ளைக்குப் பருக்கத்தான் போகிறாள்.

அவர் எழும்பிப் போய் அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார். பிறகு மண்டபத்து வாசலில் நின்று சொன்னார். அந்தக் குரல் அவருக்கே வேறொருவர் குரல்போல இருந்தது.

“அந்தத் தண்ணியை இனி ஆரும் குடிக்கக் கூடாது. நான் போட்ட மருந்து பழுது. போடேக்கயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் போட்டனான். நல்லதெண்டு பொய் சொன்னனான்.”

சொன்னது அவர்களுக்கு விளங்குவதற்கு நேரம் எடுத்தது. பிறகு ஒருவன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அடித்தான். இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள்.

“விடுங்கோ!” ஜெகதீஸ்வரியின் குரல். “அடிக்கிறதெண்டால் பேந்து அடியுங்கோ. இப்ப வானில இருக்கிற பெட்டியளை உடையுங்கோ. முதல் தண்ணி கொதிக்கட்டும்.”

கதிர்காமநாதனே கோடரியை எடுத்தார். படமெஷினை வெளியே தூக்கி மண்ணில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பிளந்தார். ஆசனப் பலகைகளைக் கழற்றினார். திரைத் தடிகளை முறித்தார். கை கிழிந்து இரத்தம் வந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. அடுப்பு திரும்ப எரிந்தது.

அதன்பிறகு அவரோடு யாரும் கதைக்கவில்லை. போவதற்கும் இடமில்லை. அவர் எங்கே இருந்தாலும் பக்கத்திலிருந்தவர்கள் தள்ளி இருக்கப் பார்த்தார்கள். தள்ள இடமில்லாமல் முதுகைக் காட்டி இருந்தார்கள். அவர் மூச்சு விடுவது அந்த முதுகில் பட்டது. வெளியே போய் வானுக்குள் இருக்கலாமென்று நினைத்தார். வெறும் தகரம், வெயிலில் கொதித்தது. திரும்பி வந்தார். கொதித்த தண்ணீரை ஒருதரம் அவர் வீரகத்தியிடம் கொண்டுபோனார். வீரகத்தி கண்ணைத் திறந்து யாரென்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஜெகதீஸ்வரி வந்து கோப்பையை வாங்கிக் கொடுத்தபோது குடித்தார்.

அவளும் அவரைப் பார்க்கவில்லை. கோப்பையை நிலத்தில் வைத்தபடி சொன்னாள்: “நான் உங்களைத் தனியாக வந்து கேட்டனான். எல்லாருக்கும் முன்னால கேட்கேல்லை. என்னட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

அவர் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

ஏழாம் நாள் காலை வீரகத்தி இறந்தார். மேட்டில் எரிக்க விறகில்லை, புதைக்கக் குழி தோண்டினால் தண்ணீர் ஊறியது. பாயால் சுற்றி வானுக்குள் வைத்தார்கள். இராசமலர் எழும்ப முடியாமல் கிடந்த இடத்திலிருந்தே தகப்பனைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அழுவதற்கு அவள் உடம்பில் தண்ணீர் இருக்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு வயலுக்கு மேலால் ஒரு கடல் வள்ளம் வந்தது. முன்னால் ஸ்ரீபன் நின்றான், பின்னால் அந்தோனிமுத்து என்ற அவனுடைய மாமன் தாங்கு தடி ஊன்றிக்கொண்டிருந்தார். முல்லைத்தீவில் வள்ளங்களெல்லாம் வீட்டுக் கூரைகளிலிருந்து சனங்களை இறக்கிக்கொண்டிருந்தன. இங்கே வர ஒரு வள்ளம் கிடைக்க இத்தனை நாள் ஆயிற்று என்று ஸ்ரீபன் சொல்லிக்கொண்டே இறங்கினான். மண்டபத்துச் சனங்களின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். நோயாளிகளை முதலில் ஏற்றினார்கள். வெள்ளம் முடியும் கரை வரை நாலு முறை வள்ளம் போய் வந்தது. கதிர்காமநாதன் கடைசி முறையில் வீரகத்தியின் உடலோடு போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையும் இறந்தது. மற்றவர்கள் பிழைத்தார்கள். இராசமலர் பதினாறு நாள் கிடந்து எழும்பினாள்.

வவுனியாவில் கந்தோர்ப் பெரியவர் அவருடைய அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உம்மை நான் காப்பாற்றுறதுக்காகச் சொல்லேல்லை,” என்றார். “வெள்ளம் வடிஞ்ச பிறகு வன்னி முழுக்கக் கிணறுகளுக்கு மருந்து போட வேணும். மருந்து போட்ட தண்ணியைக் குடிச்சுத்தான் ரெண்டு பேர் செத்தவை எண்டு ஒரு கதை வெளியில போனால், ஒருத்தன் தன்ர கிணத்தடிக்கு எங்களை விடுவானோ? நல்ல மருந்தெண்டு நம்பிப் போட்டனான் எண்டு மாத்தி எழுதும்.”

“அங்க அறுபது பேருக்கு முன்னால சொல்லிப்போட்டன், ஐயா.”

“சொன்னது காத்தோட போயிடும். எழுதினது நிக்கும்.”

அவர் மாற்றி எழுதவில்லை. பெரியவர் அறிக்கையை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். வேலை போகவுமில்லை. அது போயிருந்தால் நல்லதென்று கதிர்காமநாதன் பல நாள் நினைத்தார். வானைத் திருத்தக் கொண்டுபோனார்கள். அவரைக் கந்தோரில் ஒரு மேசையில் இருத்தினார்கள். ஜன்னலில்லாத அறை. குடிக்கத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கை நின்றுவிடும்.

தை மாதக் கடைசியில் ஜெகதீஸ்வரி பஸ்ஸில் வந்து கந்தோர் வாசலில் நின்றாள். உள்ளே வந்து இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

“மருந்து போட வந்த ஆக்களைத் துரத்திப்போட்டினம். இரண்டு தரம் வந்தவை. பதினாலு கிணறு. ஒண்டுக்கும் விடேல்லை. அந்த மருந்தோ, அதைப் போட்டுத்தானே எங்களைக் கொண்டனீங்கள் எண்டு கேக்கினம். போன கிழமை திரும்பவும் மூண்டு பேருக்கு வயித்தாலடி. நான் சொல்லிப் பாத்திட்டன். நானும் அண்டைக்குக் கொதிக்கவைக்கிறதை நிப்பாட்டின ஆள்தானே. என்னையும் நம்பினம் இல்லை.”

“நான் வந்து என்ன செய்யிறது? என்னைக் கண்டால் அடிப்பினம்.”

“அடிக்கலாம். பழுதெண்டதைச் சொன்ன ஆள் நீங்கள் ஒருத்தர்தான். நல்லது எது எண்டும் நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு உங்களை மன்னிக்க ஏலாது. ஆனால் வேற ஆள் இல்லை.”

அவர் முத்திரை உடைக்காத ஒரு புதிய டின்னைக் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் நின்றார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி அறிவித்தும் ஒருவரும் வரவில்லை. அதனால் வீட்டுவாசல்களில் படலை படலையாகப் போனார்கள். ஒவ்வொரு படலையிலும் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். தான் செய்தது என்ன, அந்த மருந்து ஏன் பழுதானது, இந்த மருந்து எப்படி வேறு. முன்பு மைக்கில் பேசும்போது ஒரு ஓட்டம் இருக்கும். இப்போது சொல்லுக்குச் சொல் தடக்கியது. முதல் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டாவதில் ஒரு கிழவி கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது வீடு வீரகத்தியுடையது.

இராசமலர் முற்றத்தில் நின்றாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு படலையைத் திறந்தாள்.

“அந்த டின்னை என்ர கையில தாங்கோ.”

அவளே முத்திரையை உடைத்து மூடியைத் திறந்தாள். மணம் முகத்திலடித்தது. அவள் இருமிக்கொண்டு பின்னால் போனாள், கண் நிறைந்து வழிந்தது. சீலைத் தலைப்பால் துடைத்தாள். திரும்பவும் வழிந்தது.

“அண்டைக்கு இப்பிடி இருக்கேல்லை,” என்றாள்.

“இல்லை.”

“நல்ல மருந்து இப்பிடி மணக்குமெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் எங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

“ஓம் பிள்ளை.”

“எவ்வளவு போடவேணும்? எவ்வளவு நாளைக்கு இருக்கும்? திறந்து வைச்சால் எத்தினை நாளில பழுதாகும்? எல்லாத்தையும் சொல்லுங்கோ. விடாமல் சொல்லுங்கோ.”

அவர் கிணற்றுக்கட்டில் நின்று சொன்னார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. தெரியாததைத் தெரியாது என்றார். இரண்டு கேள்விகளுக்கு அப்படித்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் தூளைத் தானே அளந்து, வாளியில் கரைத்துக் கிணற்றில் ஊற்றினாள்.

“இனிக் குடிக்கலாம்தான்,” என்றாள். “ஆனால் நான் கொதிக்கவும் வைப்பன். நீங்கள் தேவையில்லையெண்டு சொன்னாலும் வைப்பன்.”

“வையுங்கோ,” என்றார் அவர்.

பொழுது சாயும்போது ஐந்து கிணறு முடிந்திருந்தது. அடுத்த நாள் காலையில் அவரும் ஜெகதீஸ்வரியும் அடுத்த வீட்டுக்குப் போனபோது இராசமலர் அங்கே படலையில் நின்றாள். டின்னை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அவளே கதைத்தாள். “இவரை நம்பவேண்டாம். இதை மணந்து பாருங்கோ,” என்று தொடங்கினாள். அவர் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். வெயில் ஏறி, தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அவளுக்கும் ஜெகதீஸ்வரிக்கும் கொடுத்தார்கள். அவருக்குக் கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் பதினாலில் பதினொரு கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரரும் படலையைத் திறக்கவே இல்லை.